கணக்கு எழுதும் பிள்ளை ஏன் நிற்கவில்லை?



ஆண்டு மலருக்கு நம் கூட்டமைப்பின் பழைய கதையை எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டார். கடன் வாங்கியதையும், ஒழுங்காகத் திருப்பிக் கட்டியதையும், கட்டடம் எழுப்பியதையும் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் நம்மை விட்டுப் போனவர்களைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் நம் வரலாறுதான்.

தமிழ்நாட்டில் அரசு உதவியோடு மகளிர் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. 1992-ல் நபார்டு வங்கி, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைக் கொண்டுவந்தது. அந்தப் பாதையில் பின்னால் வந்தவர்கள் நாம். நமக்குப் பயிற்சியில் ஐந்து சூத்திரங்கள் சொல்லிக் கொடுத்தார்கள்: முறையான கூட்டம், சேமிப்பு, உள்கடன், கடன் திருப்பம், கணக்குப் பதிவேடு. முதல் நான்கையும் எல்லோரும் கூடிச் செய்துவிடலாம். ஐந்தாவதற்கு மட்டும் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி வேண்டும்.

நான் தலைவியாக இருந்தபோது நாலே வருஷத்தில் மூன்று கணக்காளர்கள் போய்விட்டார்கள். முதலாவதாகப் போன பெண் பிளஸ் டூ படித்தவள். ரொக்கப் புத்தகமும் பேரேடும் பைசா பிசகாமல் எழுதுவாள். நாம் என்ன செய்தோம்? மதிப்பூதியத்தை மூணு மாசம் சேர்த்துக் கொடுத்தோம், அதுவும் அவள் வாய்விட்டுக் கேட்ட பிறகு. கூட்டம் ராத்திரி ஏழு மணிக்கு. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே எழுதுவாள். பத்து ரூபாய் இடித்தால் எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டோம். சரியாக எழுதிய மாதங்களில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அவள் டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனாள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது 2021-ல். இவள் போனது அதற்கு முன்னால். பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது கேட்டேன்: “நாள் பூரா நிக்கணுமேம்மா, எப்படித்தான் இருக்கே?”

“கால் வலிக்கத்தான் செய்யுது அக்கா. ஆனா ஒண்ணாந்தேதி சம்பளம் வந்துடுது. யாரையும் கேக்க வேண்டாம்.”

அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை.

பிறகு மாவட்டத்தில் நடந்த ஒரு பயிற்சியில் இரண்டு கதைகள் கேட்டேன். ஒன்று அமெரிக்காவில், டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஃபோர்டு கார் தொழிற்சாலையில் நடந்தது. ஒரே வேலையை நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாமல் ஆட்கள் ஓடினார்கள். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்துக்கு 1913-ல் மட்டும் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் தினக்கூலியை 2.34 டாலரிலிருந்து 5 டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை ஒன்பது மணியிலிருந்து எட்டு மணியாகக் குறைத்தார்கள். ஓட்டம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த ஐந்து டாலர் முதலில் பெண்களுக்குக் கிடையாது. வாங்கிய ஆண்களின் வீட்டுக்கும் கம்பெனி ஆள் வந்து, குடிக்கிறாரா, சேமிக்கிறாரா என்று துருவினார். காசு கொடுத்தார்கள், நம்பிக்கை கொடுக்கவில்லை.

இன்னொன்று நம்ம நாட்டுக் கதை. 1959 மார்ச் 15-ல் மும்பை கிர்காமில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் போட்டார்கள். அதுதான் லிஜ்ஜத். முதல் வருஷம் மழைக்காலத்தில் காயவைக்க முடியாமல் வேலை நின்றது. அடுத்த வருஷம் ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கி, கட்டில் மேல் அப்பளத்தைப் பரப்பி, கீழே அடுப்பு மூட்டிக் காயவைத்தார்கள். வேலை நிற்கவில்லை, கூலியும் நிற்கவில்லை. பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தேய்க்கலாம். குழந்தையை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. அங்கே எல்லோரும் ‘சகோதரி உறுப்பினர்’. லாபத்திலும் நஷ்டத்திலும் எல்லோருக்கும் பங்கு. பல்லாயிரம் பெண்கள் அங்கே இருப்பதற்குக் காரணம், அது அவர்களுடைய சொந்த வீடு மாதிரி இருப்பதுதான்.

திரும்பி வந்து செயற்குழுவில் பேசினேன். நிதி இல்லையே என்றார்கள். இருக்கிற மதிப்பூதியத்தையே மாதம் ஐந்தாம் தேதிக்குள் கொடுக்கலாமே என்றேன். ஒத்துக்கொண்டார்கள். கூட்டத்தைச் சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றினோம். கணக்கில் தவறு வந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது என்று முடிவு செய்தோம். செயற்குழுவில் கணக்காளரும் உட்கார்ந்து கருத்துச் சொல்ல இடம் கொடுத்தோம். நான்காவதாக வந்த பெண் இன்றும் நம்மோடு இருக்கிறாள். நம் தணிக்கை அறிக்கைகளில் குறை வராததற்கு அவள்தான் காரணம்.

இப்போது அவள் மாசமாக இருக்கிறாள். “வேற ஆளைப் பாத்துடலாமே” என்று நம்மிலேயே சிலர் பேசுவது என் காதிலும் விழுந்தது. மகப்பேறுப் பயன் சட்டம் 1961-ல் வந்தது. 2017-லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. பத்துப் பேர்கூட வேலை செய்யாத நம் அலுவலகத்தைச் சட்டம் கட்டாயப்படுத்தாமல் இருக்கலாம். ஆனால் நாம் பெண்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு. பிரசவத்துக்குப் போகும் பெண்ணின் வேலையை நாமே பறித்தால், வெளியில் யாரைக் குறை சொல்ல முடியும்?

வரும் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். ஆறு மாதம் மதிப்பூதியத்தோடு விடுப்பு. அவள் போகும் முன்பே இன்னொரு பெண் அவளிடம் கணக்குப் பழக வேண்டும். திரும்பி வந்ததும் அவள் வேலை அவளுக்கே. பழகிய பெண் துணைக் கணக்காளராக இருக்கட்டும். செலவு ஆகும்தான். மூன்று முறை ஆள் மாறியபோது பழைய கணக்கைச் சரிசெய்ய வெளி ஆளுக்குக் கொடுத்த பணத்தை நினைத்துப் பாருங்கள்.

கை தூக்குவீர்கள் என்று நம்புகிறேன்.