செக்கு நின்ற நாள்



நம் செட்டிநாட்டு ஊர்களில் செக்கு ஆடிய ஓசையை முதியோர் நினைவுகூருவர். மகாராஷ்டிரத்தின் கொங்கண் கரையிலும் அவ்வோசை ஒலித்தது. ஆனால் அங்கே சில வீடுகளில் வாரத்தில் ஒருநாள் அது ஓய்ந்திருக்கும்.

அவ்வீட்டார் பெனே இஸ்ரவேல் என்னும் யூதர். தங்கள் முன்னோர் நவ்காவ் கரையருகே கப்பல் உடைந்து ஒதுங்கியவர்கள் என்பது அவர்களது மரபுவழிச் செய்தி. நாளடைவில் எபிரெயத்தை மறந்து மராத்தி பேசினர். எண்ணெய் ஆட்டிப் பிழைத்தனர். வேதச்சுருளும் அவர்களிடம் இல்லை. ஆயினும் ஓய்வுநாளையும், விருத்தசேதனத்தையும், 'ஷெமா' என்னும் விசுவாச அறிக்கையையும், சில பண்டிகைகளையும் அவர்கள் விடவில்லை. சனிக்கிழமையில் செக்கைத் தொடாததால் அயலார் அவர்களை 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்றழைத்தனர். அவர்களுடைய முதல் ஜெப ஆலயம் பம்பாயில் எழுந்தது 1796-இல்தான். அதுவரை தலைமுறை தலைமுறையாக ஏழாம் நாளே அவர்களுக்குப் போதித்தது.

நமக்கோ வேதமும் உண்டு, ஆலயமும் உண்டு. ஆயினும் ஞாயிறு ஆராதனையில் மூண்ட அனல் திங்களன்று தணிந்துவிடுகிறதே! கர்த்தருடைய நாளிலும் நம் வணிகமும் கைபேசியும் ஓய்வதில்லை. நம் விசுவாசத்தை அயலார் எதைக் கண்டு அறிவார்கள்? வருகிற ஞாயிறன்று நம் வீட்டில் எந்தச் செக்கு நிற்கும்?

கர்த்தர் நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.