நேரில் வந்து அழைத்ததாகக் கருதி

ஆவணி பிறந்தால் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு மாறிவிடும். யார் வீட்டில் கல்யாணம், எந்த மண்டபம், ஷிப்ட் மாற்றிக்கொள்ள யார் சம்மதிப்பார், மொய் எவ்வளவு வைப்பது என்று ஓடும். முன்பு மஞ்சள் தடவிய பத்திரிகை கைமாறியது. இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது. நாதஸ்வர இசை, மணமக்கள் படம், மண்டபத்துக்கு வழிகாட்டும் மேப் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. கடைசி வரி மட்டும் மாறவில்லை: ‘இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி, சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து…’

போனில் அழைப்பது மரியாதையா என்ற சண்டை இன்று எல்லா வீட்டிலும் நடக்கிறது. வாசல் ஏறி, தட்டில் வைத்துக் கொடுத்தால்தான் அழைப்பு என்கிறார்கள் பெரியவர்கள். ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறது, நூறு வீட்டுக்கு எப்படிப் போவது என்கிறார்கள் பிள்ளைகள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

நாங்கள் சந்தித்த ஒரு அக்கா இந்தச் சண்டையை வேறு இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறவர். சூப்பர்வைசர் வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தப் பிரிவில் எல்லோருக்கும் அழைப்பு. “எனக்கு போன்ல போட்டாங்க. தப்பு சொல்லல. ஆனா பக்கத்து மிஷின்ல நிக்கிற பொண்ணுக்கு வூட்டாண்டயே போயி, தாம்பாளத்துல வெச்சு குடுத்துருக்காங்க. அவ வூடு எங்க காலனியத் தாண்டித்தான் இருக்குது. எங்க தெரு வழியாத்தான் போயிருக்கணும்” என்றார்.

அவர் காகிதத்தையும் குறை சொல்லவில்லை, போனையும் குறை சொல்லவில்லை. யார் வாசல் வரை வந்தார்கள், யார் வாசலைக் கடந்து போனார்கள் என்று பார்த்தார். தோழர்களே, அழைப்பிதழின் வரலாற்றை நாம் அந்த அக்காவின் கண் கொண்டுதான் படிக்க வேண்டும்.

சேதி சுமந்த கால்கள்

அச்சுப் பத்திரிகை பரவுவதற்கு முன் நல்ல காரியத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள். உறவுக்காரர் வீட்டுக்கும் தங்களுக்கு நிகர் என்று கருதியவர் வீட்டுக்கும் வீட்டுக்காரர்களே போனார்கள். சேரிக்கும் சேதி வந்தது. ஆனால் அது வேலைக்கான கட்டளையாக வந்தது: இன்ன நாள் கல்யாணம், பந்தல் போட ஆள் வரவேண்டும், மேளத்துக்கு ஆள் வரவேண்டும். வேலை முடிந்தபின், எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின், கொல்லைப்புறத்தில் மிச்சம் கிடைக்கும். அதற்கும் பாத்திரம் நாமே கொண்டுபோக வேண்டும்.

சாவு விழுந்தால் கதை இன்னும் கொடியது. துக்கச் சேதியை ஊர் ஊராக நடந்து சொல்லும் வேலை நம் ஆட்கள் தலையில் கட்டப்பட்டது. இரவானாலும் மழையானாலும் நடக்க வேண்டும். போய்ச் சேர்ந்த வீட்டின் வெளியே தள்ளி நின்று, இன்னார் தவறிவிட்டார் என்று சொல்லிவிட்டு, கொடுக்கிற காசையோ அரிசியையோ வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஒரு வட்டாரத்தின் உறவுகளையெல்லாம் தன் காலால் இணைத்துவைத்த மனிதருக்கு அதில் ஒரு திண்ணையில்கூட உட்கார இடம் கிடையாது.

சமூகவியல் வகுப்பில் சாதியின் அடையாளங்களாக இரண்டைச் சொல்லிக் கொடுப்பார்கள்: யாரோடு உண்பது, யாரைக் கட்டுவது. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் அகமணமுறையே சாதியின் உயிர்நிலை என்று நிறுவினார். கல்யாண அழைப்பு இந்த இரண்டும் சந்திக்கிற இடம். இன்னார் பேரன், இன்னார் மகன், இன்னார் மகளைக் கட்டுகிறான் என்று அது அகமணத்தை ஊருக்கு அறிவிக்கிறது. யார் வந்து பந்தியில் உட்காரலாம் என்பதையும் அதுவே முடிவு செய்கிறது.

நம் வீட்டுக் கல்யாணத்தை நாமே ஊரறியச் செய்வதைக்கூடப் பொறுக்கவில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் 1930 டிசம்பரில் எட்டுத் தடைகளையும் 1931இல் பதினொரு கட்டளைகளையும் விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். நகை கூடாது, குடை கூடாது, செருப்பு கூடாது என்ற பட்டியலோடு கல்யாணத்தைப் பற்றியும் விதிகள் இருந்தன. மேளம் வாசிக்கக் கூடாது. தாலி கட்டுமுன் குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது. பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றி அதில் தூக்கிப் போகலாம். கல்யாணம் நடக்கலாம், ஆனால் யார் காதிலும் கண்ணிலும் படக்கூடாது என்பதே அந்தக் கட்டளைகளின் சாரம்.

அச்சு நமக்குத் தந்தது

இந்த இடத்திலிருந்து பார்த்தால், அச்சு ஏன் நமக்கு அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று புரியும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரை முகப்பில் அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசர் சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். சேதி சுமந்து திரிந்த சமூகம் தன் சேதியைத் தானே அச்சடித்து அனுப்பியது. தபாலில் வந்த தாளுக்கு வாசலில் தள்ளி நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

ரத்தான ஓர் அழைப்பு எத்தனை பெரிய நூலாக முடியும் என்பதையும் நாம் அறிவோம். லாகூரில் இயங்கிய ஜாத்-பாத்-தோடக் மண்டல், சாதி ஒழிப்புக்கென்றே தொடங்கப்பட்ட அமைப்பு. 1936 ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரை அது அழைத்தது. உரையை முன்கூட்டிப் படித்ததும் பயந்தது. சில பகுதிகளை நீக்கக் கேட்டது, அவர் மறுத்தார், மாநாடே கைவிடப்பட்டது. அண்ணல் அந்த உரையைத் தன் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சடித்தார். ‘சாதியை அழித்தொழித்தல்’ என்று நாம் படிக்கும் நூல் அதுதான். தமிழில் பெரியாரின் ‘குடியரசு’ அதை மக்களிடம் கொண்டுசென்றது.

அழைப்பிதழில் அச்சாகும் பெயரும் போராட்டக் களமானது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடத் தீர்மானித்தது. 1967இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்தது. புரோகிதரும் முகூர்த்த நேரமும் இல்லாமல், ‘வாழ்க்கை ஒப்பந்த விழா’ என்று தலைப்பிட்ட பத்திரிகைகள் வந்தன. நம் தெருக்களில் புத்தரும் அண்ணலும் பத்திரிகையின் முகப்புக்கு வந்தார்கள். மணமக்கள் பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ., பி.எட். என்று போடுவதைச் சிலர் கேலி செய்வார்கள். பள்ளிக்கூடமே கூடாது என்று தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அந்த இரண்டு எழுத்தைப் பத்திரிகையில் போடாமல் வேறு எங்கே போடுவார்கள்?

அதனால்தான் நம் வீட்டுப் பெரியவர்கள் அச்சுப் பத்திரிகையை விட மனமில்லாமல் இருக்கிறார்கள். அதைப் பழமைவாதம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது.

தாளும் கதவடைக்கும்

ஆனாலும் தாளை நாம் கும்பிடத் தேவையில்லை. கோயில் திருவிழா அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். எந்த நாள் மண்டகப்படி எந்தச் சாதிக்கு என்று அச்சடித்திருக்கும். பட்டுக்கோட்டை நாடியம்மன் கோயில் அழைப்பிதழில் மற்ற சமூகங்களைப் பெயரிட்டுவிட்டு ஆதிதிராவிடர்களை மட்டும் ‘ஊரார்’ என்று போட்டதாக வழக்கு வந்தது. இனி வரும் ஆண்டுகளில் அழைப்பிதழில் சாதிப் பெயரே இடம்பெறக்கூடாது என்று 2025இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பெயர் போவது நல்லதுதான். பெயர் மறைந்த தாளுக்குப் பின்னால் பழைய வரிசை அப்படியே நடந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நம் கையில் இருக்கிறது.

சாதி மறுத்துத் திருமணம் செய்கிறவர்களுக்குத் தாளே ஆபத்தாகவும் ஆகும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, பதிவாளர் அலுவலகத்தில் மணமக்களின் அறிவிப்பை ஒட்டிவிட்டு 30 நாள் காத்திருக்க வேண்டும். வாழ்த்துகிறவர்களுக்கு முன்னால் தேடி வருகிறவர்கள் படித்துவிடுகிறார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் நடந்தது. கும்மிடிப்பூண்டி அருகே ஆத்துப்பாக்கம் ஊராட்சி மன்றத் தலைவர் அமிர்தம், தலித் பெண். 2020 ஆகஸ்ட் 15 அன்று அவரைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு, ஆகஸ்ட் 20ஆம் தேதி மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து நிற்க, அவர் கொடியேற்றினார். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவருக்கு எந்த அழைப்பும் தேவையில்லை, உரிமையே போதும். அந்த உரிமை நடைமுறைக்கு வர ஒருவர் நேரில் வர வேண்டியிருந்தது.

தண்டோராவிலிருந்து வாட்ஸ்அப்புக்கு

தொழில்நுட்பம் நமக்கு என்ன செய்தது? நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். சாவுச் சேதி சொல்ல இன்று யாரும் இரவெல்லாம் நடக்க வேண்டியதில்லை, அழுகிற வீட்டார் தாங்களே போனில் சொல்லிவிடுகிறார்கள். 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு எல்லா ஆட்சியர்களுக்கும் கடிதம் எழுதினார். தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவியுங்கள் என்றார். நாட்டில் ஒலிபெருக்கி வந்து எத்தனையோ பத்தாண்டுகள் ஆன பிறகு அந்தக் கடிதம் தேவைப்பட்டது. கருவி வந்துவிட்டால் சாதி தானாக விலகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

2020 ஊரடங்கில் கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று வரம்பு வந்தது. போனில் அழைப்பதும், அங்கிருந்தே வாழ்த்துங்கள் என்பதும் அப்போதுதான் பரவலாகச் சகஜமானது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் பத்திரிகையிலேயே கூகுள் பே, போன்பே க்யூஆர் கோடு அச்சடித்தது செய்தியானது. வர முடியாதவர்களுக்கு வசதிதான். ஆனால் நம் கண்ணுக்கு இன்னொன்றும் தெரிகிறது. அழைப்பு போனில், மொய் போனில் என்றால், காலனிக்குள் கால் வைக்காமலும், நம்மைப் பந்தியில் பக்கத்தில் உட்காரவைக்காமலும் உறவு கொண்டாடிவிடலாம். மொய்ப்பணத்துக்கு எந்தக் காலத்திலும் தீட்டு இருந்ததில்லை.

காக்களூர் அக்காவுக்கு நடந்தது இதுதான். முன்பு பத்திரிகையே கொடுக்காமல் விட்டால் அது அப்பட்டமாகத் தெரியும். இப்போது, அழைத்தோமே, இரண்டு டிக் விழுந்திருக்கிறதே என்று சொல்லிக்கொள்ளலாம். ‘நேரில் வந்து அழைத்ததாகக் கருதி’ என்ற வரி சிலருக்கு வெறும் சம்பிரதாயம், ஏனென்றால் அவர்கள் வீட்டுக்கு நேரிலும் வந்துவிடுகிறார்கள். நம்மிடம் மட்டும்தான் அதை உண்மையாகவே கருதிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எனவே காகிதமா போனா என்று யாராவது கேட்டால் நாம் திருப்பிக் கேட்க வேண்டியவை உண்டு. எல்லோருக்கும் ஒரே வழியில் அழைத்தீர்களா? எல்லோருக்கும் போன் என்றால் எங்களுக்கும் போன் சரிதான். சிலருக்கு வாசல், சிலருக்கு வாட்ஸ்அப் என்றால் அந்தப் பிரிவு எங்கே விழுகிறது? நம் இயக்க விழாக்களுக்கும் இதே அளவுகோல்தான். கல்லூரிப் பேராசிரியர் வீட்டுக்குப் பொன்னாடையோடு போகிறோம். துப்புரவுப் பணியாளர்களுக்குக் குரூப்பில் போஸ்டர் போடுகிறோம். அது நம் வீட்டிலேயே நடக்கிற அநீதி. சாதி மறுப்புத் திருமணத்தின் அழைப்பைக் குரூப்பில் போடும் முன், அது எந்தச் சாதிக் குரூப்புக்குத் தாவும் என்று மணமக்களிடம் கலந்து முடிவெடுப்பதும் இந்த மரியாதையில் சேர்ந்தது.

அந்த அக்காவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். பத்திரிகை அடித்துவிட்டார், முகப்பில் அண்ணல், பெண்ணின் பெயருக்குப் பின்னால் பி.காம். சூப்பர்வைசரை எப்படி அழைக்கப் போகிறீர்கள் என்று கேட்டோம்.

“போன்ல போட மாட்டேன். தாம்பாளத்துல வெச்சு வூட்டுக்கே எடுத்துனு போவேன். உள்ள வாம்மான்னு கூப்புடுறாங்களான்னு பாக்கலாம்” என்றார்.

நாங்களும் கூடப் போகிறோம்.