சீன மருத்துவம் நம்மிடம் வந்த வழி

சீனத்து ஊசி மருத்துவம் நமக்கு ஆகுமா என்று கள்ளிக்குப்பத்துப் பெரியவர்கள் சிலர் தயங்குவதுண்டு. இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. ஈல்கானிய அரசின் அமைச்சரும் மருத்துவருமான ரஷீதுத்தீன், தப்ரீஸ் நகரில் சீன மருத்துவ நூல்களைப் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்தார். 1313ஆம் ஆண்டளவில் உருவான அத்தொகுப்பே ‘தன்சூக்நாமா’. சீனரின் நாடி பார்க்கும் முறை அதில் விரிவாக இடம்பெற்றது. அயலார் அறிவு என்று அவர் அதை ஒதுக்கவில்லை.

இந்தியாவுக்கு அக்குபஞ்சர் வந்த வழி வேறு. ஜப்பானியப் படையெடுப்பால் தவித்த சீனத்துக்கு 1938இல் இந்திய தேசிய காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அவர்களுள் கோட்னிஸ் 1942இல் அங்கேயே உயிர்நீத்தார். நாடு திரும்பிய பிஜய் குமார் பாசு, பின்னர் மீண்டும் சீனம் சென்று அக்குபஞ்சர் கற்றார். 1959இல் கொல்கத்தாவில் அச்சிகிச்சையைத் தொடங்கினார். மத்திய அரசு 2019இல் அதனைத் தனி மருத்துவ முறையாக ஏற்றது.

நோய்க்கு மருத்துவம் தேடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஆராய்ந்து தேடுவதும் அதனுள் அடங்கும். முறையாகக் கற்றவர் தூய ஊசியால் செய்யும் சிகிச்சை வலியைத் தணிக்க உதவலாம். ஆனால் அதை நம்பி இன்சுலினையோ இதய மாத்திரையையோ நிறுத்திவிடுவது, அமானிதமாகத் தரப்பட்ட உடலுக்கு இழைக்கும் அநீதி. ஷிஃபா அளிப்பவன் அல்லாஹ் ஒருவனே.