தகட்டின் மறுபுறம்

மன்னன் பெயரைச் சொல்லக் கல்வெட்டு உண்டு, காசு உண்டு, காவியம் உண்டு. உழைத்தவன் பெயரைச் சொல்ல என்ன உண்டு? துருவேறிய இரும்புத் தகடு ஒன்று இக்கேள்விக்கு விடை தருகிறது!

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் படைவீரன் சுமந்தது, வாய்வழியே மருந்தும் குண்டும் கெட்டிக்கும் துப்பாக்கி. அதன் உயிர்நாடி, பக்கவாட்டில் பதிந்துள்ள விசைப்பொறி. விசையை இழுத்தால் 'குதிரை' பாயும்; அதன் வாயிலுள்ள சிக்கிமுக்கிக் கல் எஃகு மூடியில் மோதும்; மூடி திறக்கும்; தீப்பொறி கிண்ணத்து மருந்தில் விழும்; சிறு துளைவழியே தீ குழலுக்குள் நுழையும். அனைத்தும் இமைப்பொழுதில்!

அப்பொறியின் தகட்டைப் பாருங்கள். மணிமுடி ஒன்று, அதன்கீழ் மன்னன் ஜார்ஜைக் குறிக்கும் 'ஜி.ஆர்.', குதிரைக்குப் பின்னே 'டவர்' என்ற சொல். இலண்டன் டவர் கோட்டையிலேயே பிறந்த பொறி என்று எண்ணத் தோன்றும். ஆனால் இத்தகைய பொறிகள் பெருமளவில் உருவானது, பர்மிங்காமை அடுத்த வெட்னஸ்பரி, டார்லஸ்டன் போன்ற ஊர்களின் பட்டறைகளில். முன்பெல்லாம் தகட்டில் ஒப்பந்தக்காரர் பெயரும் ஆண்டும் இருந்தன. 1764இல் அதுவும் கைவிடப்பட்டது. முடியும் கோட்டையுமே முகம் காட்டின!

உழைத்தவன் எங்கே? தகட்டைத் திருப்புங்கள். உள்முகத்தில், எவர் கண்ணிலும் படாத மூலையில், ஓரிரண்டு எழுத்துகள், அரத்தால் இழுத்த சிறு கோடுகள். அராவியவன் தன் வேலையை அடையாளம் காட்ட இட்டவை அவை. வெளியே அதிகாரம், உள்ளே உழைப்பு!

கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு வாங்கிய துப்பாக்கிகளில் இதய வடிவ முத்திரை இருந்தது. பின்னர் பாயும் சிங்கம் வந்தது. நம் மண்ணை அடக்கிய படையின் கருவியும், பெயரற்ற ஏழைத் தொழிலாளியின் கைவண்ணமே.

பொறியின் காலத்தை எப்படி அறிவது? சொல்லை நம்பாதீர், சான்றைக் கேளுங்கள். கம்பெனி வகைத் துப்பாக்கியை அரசுப் படை 1797இல் ஏற்றது. 1809க்குப் பின் அதன் குதிரை, அன்னக்கழுத்தை விட்டு, வலுவான வளையக்கழுத்தைப் பெற்றது. 1807இல் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் மருந்தைக்கொண்டு சுடும் முறைக்கு உரிமை பெற்றார். அம்முறை செப்புக் குல்லாயாக வளர்ந்தபோது, பழைய பொறிகள் பல மாற்றப்பட்டன. கிண்ணமும் மூடியும் போயின. அடைக்கப்பட்ட ஆணித்துளைகள் அதற்குச் சாட்சி. கூடுதல் விலைக்காக அவற்றை மீண்டும் கல்பொறியாக்கி விற்போரும் உண்டு. தகடெங்கும் துரு அரித்திருக்க, எஃகு மூடி மட்டும் வழவழப்பாக இருந்தால் ஐயுறுங்கள்!

சீர்செய்வதிலும் அறிவே வழிகாட்டி. முதலில் குழலுள் கோல் விட்டு, பழைய மருந்து இல்லை என்று உறுதி செய்க. பின்னர் எண்ணெயில் ஊறவிடுக. பெரிய வில்லைக் கிடுக்கியால் அழுத்தி அடக்கிய பின்னரே மற்ற உறுப்புகளைக் கழற்றுக. இல்லையேல் வில் தெறிக்கும், கை காயமுறும். 1841இல் ஜோசப் விட்வொர்த் திருகாணி மரைக்குப் பொது அளவை முன்மொழியுமுன் செய்தவை இவை. ஒன்றின் ஆணி மற்றொன்றில் பொருந்தாது. ஆகவே, ஒவ்வொன்றையும் குறித்து வைக்க வேண்டும்.

அனைத்திலும் முக்கியம் ஒன்று: உப்புத்தாளால் தேய்க்காதீர்! துருவோடு எழுத்தும் போகும். ஆழப் பதிந்த மணிமுடி எப்படியும் பிழைத்துக்கொள்ளும்; மெல்லக் கீறிய உழைப்பாளியின் குறிதான் முதலில் அழியும். பளபளப்புக்கு ஆசைப்பட்டு, அவன் இருந்ததற்கான ஒரே சான்றை நாமே அழிப்பதா?

வரலாறும் இத்தகையதே, தோழர்களே! மேல்முகத்தைத் துலக்கி மகிழ்வோர் பலர். கழற்றிப் பார்ப்போம்; திருப்பிப் பார்ப்போம்; மறுபுறத்தில் நமக்காக ஒருவன் எழுதி வைத்திருக்கிறான்!