முதுகெலும்பைத் தொடும் கை

பாலாற்றங்கரையில், செங்கற்பட்டுக்கும் காஞ்சிபுரத்துக்கும் இடையே அமைந்த ஊர் வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூர், கும்பினியார் காலத்தில் படைமுகாமாக விளங்கியது. படை போய்விட்டது, தறி நிலைத்துவிட்டது. காஞ்சிப் பட்டு நெய்யும் வட்டாரம் இது. இங்கே நெசவாளர் தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்கிறார். கால்கள் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கின்றன. கைகள் நாடாவை ஓட்டுகின்றன. முதுகோ நாள் முழுதும் வளைந்தே இருக்கிறது. பட்டின் பளபளப்பைக் காண்போர் பலர். அதற்காக வளைந்த முதுகை நினைப்போர் சிலர்.

இடுப்பு பிடித்துக்கொண்டால் அவர் யாரை நாடுவார்? மருந்து கொடுப்பவரைவிடக் கையால் நீவி, அழுத்தி, இழுத்துச் சரிசெய்பவரையே முதலில் நாடுவது நம் நாட்டு வழக்கம். இப்போது கைரோபிராக்டிக் என்னும் மேல்நாட்டுக் கைவைத்தியமும் நம் பெருநகரங்களுக்கு வந்துவிட்டது. முதுகெலும்பை ஒரு குறிப்பிட்ட திசையில் விரைந்து தள்ளிச் சீர்செய்வதாகக் கூறும் முறை அது. அந்தக் கையை நாம் எவ்வளவு நம்பலாம்? எங்கே அஞ்ச வேண்டும்? இக்கேள்விக்கு விடை காண, நம் நாட்டுச் சரித்திரத்தையும் மேல்நாட்டுச் சரித்திரத்தையும் சேர்த்துப் பார்ப்போம்.

வாலாஜாபாத் வழியாகச் செல்லும் இருப்புப்பாதை, காஞ்சிபுரத்தைக் கடந்து அரக்கோணத்தை அடைகிறது. அரக்கோணத்திலிருந்து வடக்கே திருத்தணியைக் கடந்து செல்லும் பாதையில் புத்தூர் என்னும் ஊர் இருக்கிறது. இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள இவ்வூர், 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் குடும்பத்தாரால் இதன் பெயர் தென்னாடெங்கும் பரவிற்று. பச்சிலைச் சாறு, முட்டையின் வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி ஆகியவையே அவர்களின் சாதனங்கள். ‘புத்தூர் கட்டு’ என்ற பெயர்ப்பலகையைத் தமிழ்நாட்டின் ஊர்களில் இன்றும் காணலாம்.

மக்கள் இக்கட்டை நம்பியதற்குக் காரணம் உண்டு. முறிந்த எலும்பின் இரு முனைகளையும் நேரே பொருத்தி அசையாமல் வைத்தால், எலும்பு தானே கூடிவிடும். உடலுக்கு இயற்கை அளித்த ஆற்றல் அது. மூங்கில் பத்தையும் மருத்துவமனை மாவுக்கட்டும் அந்த ஆற்றலுக்குத் துணை நிற்பவையே. ஆனால் கட்டு அளவுக்கு மீறி இறுகினால் என்ன ஆகும்? இரத்த ஓட்டம் தடைப்படும், தசை உயிரிழக்கும், கை விரல்கள் மடங்கி விறைத்துப்போகும், சில வேளைகளில் உறுப்பையே நீக்க நேரிடும். 1881-இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபோல்க்மன் இக்கேட்டைத் தெளிவாக விளக்கி எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

இந்த எச்சரிக்கை நமக்குப் புதியதன்று. எலும்பு முறிவைப் பன்னிரண்டு வகையாகவும், மூட்டு நழுவுதலை ஆறு வகையாகவும் பிரித்துக் கூறிய சுசுருதர், கட்டின் இறுக்கத்தையும் பேசுகிறார். தளர்ந்த கட்டு மூட்டை நிலைநிறுத்தாது. இறுகிய கட்டு வீக்கமும் வலியும் புண்ணும் விளைவிக்கும். ஆகவே நடுத்தரமான கட்டே நல்லது என்பது அவர் கொள்கை. குணமாவது அரிது என்று சில முறிவுகளை அவர் தனியே குறித்தும் வைத்தார். தம் கைக்கு எட்டாதது எது என்று சொல்லத் தயங்காத வைத்தியர் அவர்.

தமிழ்நாட்டின் தென்கோடியில் வளர்ந்த வர்மக் கலையிலும் இதே எச்சரிக்கை உண்டு. படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு; ஆக நூற்றெட்டு இடங்களை வர்ம நூல்கள் கூறுகின்றன. அடிபட்டால் ஆபத்து விளையும் இடங்கள் அவை. வர்மத்தால் வந்த கேட்டை நீக்க இளக்குமுறையும் சொல்லப்படுகிறது. காக்கும் கையே கெடுக்கவும் கூடும் என்று உணர்ந்ததால், ஆசான்மார் மாணவனின் குணத்தையும் பொறுமையையும் சோதித்த பின்னரே இக்கலையைக் கற்பித்தனர். ஆனால் இந்த மறைபொருள் முறைக்கு ஒரு குறையும் இருந்தது. பிழை நேர்ந்தாலும் அது வெளியே வருவதில்லை. வெளியே வராத பிழையிலிருந்து பிறர் பாடம் கற்பதும் இல்லை.

இனி மேல்நாட்டைப் பார்ப்போம். கிரேக்க மருத்துவ மூதறிஞர் ஹிப்பாக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில் ஒரு வேடிக்கையான செய்தி காணப்படுகிறது. கூனுற்றவரை ஏணியில் கட்டி, உயரத்திலிருந்து ஏணியை விழச்செய்து குலுக்கும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததாம். கூட்டத்தை வியக்கவைக்க விரும்புவோரே இதை மிகுதியும் செய்கின்றனர் என்று அந்நூல் கண்டிக்கிறது. கழுத்தைத் திருகிச் சொடக்கொலி எழுப்பும் காட்சிகளைக் கைப்பேசித் திரையில் கண்டு களிக்கும் நமக்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்தக் கண்டனம் மிகவும் பொருந்தும்.

இங்கிலாந்திலும் பரம்பரை எலும்புசீர்ப்போர் பலர் இருந்தனர். படித்த மருத்துவர்கள் அவர்களை இகழ்ந்தனர். ஆனால் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் சர் ஜேம்ஸ் பாஜெட் 1867-இல் நிகழ்த்திய ஒரு விரிவுரையில், எலும்புசீர்ப்போர் குணப்படுத்தும் நோய்கள் எவை என்பதையே பொருளாக எடுத்துக்கொண்டார். அவர்களால் விளையும் தீங்கை அவர் மறைக்கவில்லை. எனினும், விறைத்த மூட்டை அசைத்து இயங்கச் செய்யும் அவர்களின் திறமையில் நல்லதைக் கற்கவும் தீயதை விலக்கவும் மாணவர்களுக்கு அறிவுறுத்தினார். இகழ்ச்சியும் வழிபாடும் அல்லாத மூன்றாவது வழி அது.

அதன்பின் வந்தது 1895-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரை நகரான டேவன்போர்ட்டில், டேனியல் டேவிட் பாமர் என்பவர் காந்த சிகிச்சை நடத்திவந்தார். அவ்வாண்டு செப்டம்பர் 18-ஆம் நாள், செவிப்புலன் குன்றியிருந்த ஹார்வி லில்லார்டு என்னும் தொழிலாளியின் முதுகெலும்பை அவர் தள்ளிச் சரிசெய்ததாகவும், லில்லார்டுக்குக் காது கேட்கத் தொடங்கியதாகவும் கூறப்படுகிறது. கைரோபிராக்டிக் பிறந்த கதை இதுவே. கை, செயல் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொற்களால் அமைந்த பெயர் அது. நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு முதுகெலும்பின் இடப்பெயர்ச்சியே காரணம் என்று பாமர் சாதித்தார். செவி நரம்போ மண்டையோட்டுக்குள்ளேயே செல்வது; முதுகெலும்பின் வழியே செல்வதன்று. மருத்துவர்கள் எழுப்பிய இத்தடைக்கு அவரிடம் தக்க விடை இல்லை. உரிமமின்றி மருத்துவம் செய்த குற்றத்துக்காக 1906-இல் அவர் சிறை சென்றார்.

அதே 1895-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். ஏழு வார இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டையும் மாணவர்கள் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். எலும்பு இடம்பெயர்ந்திருக்கிறது என்று முன்பு கை சொன்னதையே நம்ப வேண்டியிருந்தது. இனி அதைக் கண்ணால் பார்க்கலாம் என்றாயிற்று. பாமரின் மகன் 1910-இலேயே தம் பள்ளியில் எக்ஸ்-கதிரைப் புகுத்தினார். ஆனால் எல்லா நோய்க்கும் வேர் என்று பாமர் சொன்ன அந்த இடப்பெயர்ச்சியை எக்ஸ்-கதிர் மெய்ப்பிக்கவில்லை.

அப்படியானால் இம்முறை முழுதும் பொய்யா? அன்று. நீண்டநாள் இடுப்புவலி உள்ள சிலருக்கு இது ஓரளவு பயன் தருகிறது. முறையான உடற்பயிற்சி முதலிய பிற சிகிச்சைகளின் பயனுக்கு இது ஏறத்தாழச் சமம் என்பது ஆராய்ச்சிகளின் முடிவு. உடற்பயிற்சியோடு சேர்ந்த ஒரு பகுதியாகவே இதைக் கொள்ளலாம் என்று 2016-இல் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டுக் குறிப்பு கூறிற்று. ஆஸ்த்துமா போன்ற நோய்களை முதுகெலும்பைத் தள்ளிக் குணப்படுத்தலாம் என்பதற்குத் தக்க சான்று இல்லை. மற்றோர் உண்மையையும் நாம் மறக்கலாகாது. திடீரென வந்த இடுப்புப் பிடிப்பு, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானாகவே தணிகிறது. அந்த வாரங்களில் யார் தொட்டாலும், புகழ் தொட்ட கைக்கே சேரும். சொடக்கொலியும் எலும்பு இடத்தில் பொருந்திய ஓசையன்று. மூட்டுநீரில் வாயுக்குமிழ் தோன்றுவதோடு தொடர்புடைய ஒலி அது.

ஆபத்து எங்கே இருக்கிறது? முக்கியமாகக் கழுத்தில் இருக்கிறது. மூளைக்குக் குருதி கொண்டுசெல்லும் இரண்டு நாளங்கள், கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே ஏறிச் செல்கின்றன. கழுத்தை வேகமாகத் திருகும்போது அந்நாளத்தின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் உறைந்த குருதி மூளையை அடைந்து பக்கவாதத்தை உண்டாக்கலாம். கழுத்தைத் திருகியபின் நேர்ந்த மரணங்களைப் பற்றி 1947-இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் இரு மருத்துவர்கள் எழுதினர். இது மிக அரிதாக நிகழ்வது. ஆனால் நிகழ்ந்தால் மீளாத் துயரம்.

இதில் ஒரு நுட்பமும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 818 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. பக்கவாதத்துக்கு முன் கைரோபிராக்டிக் வைத்தியரிடம் சென்றவர்கள் இருந்ததுபோலவே, பொதுமருத்துவரிடம் சென்றவர்களும் இருந்தனர் என்று அது கண்டது. நாளம் கிழியத் தொடங்கும்போதே கழுத்துவலியும் தலைவலியும் தோன்றுகின்றன. அவ்வலிக்காகவே பலர் வைத்தியரை நாடுகின்றனர் என்பது ஆய்வாளர் தந்த விளக்கம். அவ்வாறாயின் வைத்தியரின் பொறுப்பு குறைகிறதா? இல்லை, கூடுகிறது. திருகுவதற்கு முன்னரே அந்த வலியை இனங்கண்டு, கையை விலக்கிக்கொள்ள வேண்டியவர் அவரே. முடிவெட்டிய பின் விளையாட்டாகக் கழுத்தை நெட்டி முறிக்கும் வழக்கத்துக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும்.

இந்த நிலையில் அரசும் நீதிமன்றமும் என்ன செய்தன? சென்னை அரசாங்கம் 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் ஒரு குழுவை அமைத்து நாட்டு வைத்திய முறைகளை ஆராயச் செய்தது. 1923-இல் அதன் அறிக்கை வெளிவந்தது. செயலராயிருந்த கேப்டன் சீனிவாசமூர்த்தியே, பின்னர் சென்னையில் தோன்றிய இந்திய மருத்துவப் பள்ளியின் முதல்வரானார். வீட்டுத் திண்ணையில் நடந்த வைத்தியக் கல்வி, பாடத்திட்டமும் தேர்வும் உள்ள பள்ளிக்கு வந்தது. அமெரிக்காவில் 1987-இல், கைரோபிராக்டிக் தொழிலை ஒழிக்க மருத்துவச் சங்கம் சட்டவிரோதமாகக் கூடிச் செயற்பட்டது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் அம்முறை அறிவியலுக்கு உகந்தது என்று அது சான்றளிக்கவில்லை. 2005-இல் உலக சுகாதார நிறுவனம், இத்தொழிலுக்குரிய பயிற்சியையும் பாதுகாப்பையும் பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. யாருக்குச் செய்யலாகாது என்னும் பகுதி அந்நெறிகளில் முக்கியமான இடம் பெற்றது.

இந்த வரலாற்றிலிருந்து நோயாளி பெறும் உரிமைகள் என்ன? தொடுவதற்கு முன் வைத்தியர் கேட்க வேண்டும்: கீழே விழுந்ததுண்டா, காய்ச்சல் உண்டா, காரணமின்றி உடல் மெலிந்ததா, புற்றுநோய் இருந்ததா, எலும்பு தேய்ந்து மென்மையாயிற்றா, குருதி உறையாதிருக்க மருந்து உண்கிறீர்களா என்று. கை கால்களின் வலிமையையும் உணர்ச்சியையும் சோதிக்க வேண்டும். செய்யப்போவதை விளக்கி இசைவு பெற வேண்டும். வேண்டாம் என்று மறுக்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. சிகிச்சைக்குப்பின் ஓரிரு நாள் தசைவலி இருப்பது இயல்பு. ஆனால் கால் வலுவிழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அடைத்தல் ஆகியவை தோன்றினாலும், கழுத்தைத் தொட்டபின் தலைசுற்றல், பொருள் இரண்டாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை ஆகியவை தோன்றினாலும், ஒரு கணமும் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கட்டுப்போட்ட கையில் விரல்கள் குளிர்ந்து நீலம் பாய்ந்தால், விடியட்டும் என்று காத்திராமல் கட்டை அவிழ்க்கச் செய்ய வேண்டும்.

சுசுருதர் முதல் பாஜெட் வரை, நல்ல கைகள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தாம் தொடக்கூடாத இடத்தை அவை அறிந்திருந்தன. ஆகவே எந்த வைத்தியரிடம் சென்றாலும், ‘என்ன செய்யப்போகிறீர்கள்?’ என்ற கேள்வியோடு, ‘எப்போது இதைச் செய்யமாட்டீர்கள்?’ என்றும் கேளுங்கள். அக்கேள்விக்குப் பொறுமையோடு விடை சொல்பவரை நம்பலாம். கேட்டவுடன் சினம் கொள்பவரிடம் முதுகைக் காட்டாமல், எழுந்து வந்துவிடுவதே நன்று.