பனிச்சை மரமும் கப்பல் பேயும்

இங்கிலாந்தில் ஒரு குக்கிராமத்தின் வரலாற்றை எழுதுகிறவருக்கு வேலை எளிது. 1086ஆம் ஆண்டு டோம்ஸ்டே ஏட்டைப் புரட்டினால் ஊரில் எத்தனை ஏர், எத்தனை குடி என்பது பெரும்பாலும் கிடைத்துவிடும். பிறகு தேவாலயப் பதிவேடுகள் இருக்கவே இருக்கின்றன. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பனிச்சங்கேணிக்கு அப்படி யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. ஊர்ப் பெயரைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வாழைச்சேனையிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே போனால் காயாங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று கேணிகளாகவே வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புக் களப்பு, நடுவே மணல். மணலில் இறங்கிய மழைநீர் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும். ஆழமாய்த் தோண்டினால் உவர் வந்துவிடும். ஆழமில்லாத கேணிதான் குடிக்க உதவும்.

பெயரின் முன்பாதியான பனிச்சை மரத்தைச் சிங்களவர் திம்பிரி என்பார்கள். அதன் காயை இடித்து ஊறவைத்தால் துவர்ச்சாறு இறங்கும். நைலான் வருமுன் வலைக்காரர்கள் பருத்தி, சணல் வலைகளை அந்தச் சாற்றில் தோய்த்துக் காயப்போட்டார்கள். வலை கறுத்துப்போகும், உப்புநீரில் சீக்கிரம் இற்றுப்போகாது. தோணியின் பொருத்துவாய்களுக்கும் அதையே பூசினார்கள். குடிக்கக் கேணி, வலைக்குப் பனிச்சை: களப்புக்காரருக்கு ஊர் அமைக்க வேறென்ன வேண்டும்?

வாகரையைச் சுற்றிய இந்தக் கரையில் வேடர்களும் வாழ்கிறார்கள். பேசுவது தமிழ். காட்டுத் தேனும் தெரியும், களப்பு மீனும் தெரியும். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில் கரையோர வேடருக்கும் இடம் கொடுத்தார்கள். கரையோர வேடருடைய சடங்குகளில் கப்பல் பேய் என்றொரு வகை உண்டு. கடல் கடந்து வந்த அந்நிய ஆவிகள். வேட்டையாடிகளின் தெய்வக் கூட்டத்தில் கப்பல் எப்படி ஏறியது? எனக்கு இதில் பெரிய வியப்பில்லை. வடக்கே கொட்டியாரக் குடாவில் எத்தனையோ கப்பல்கள் நங்கூரமிட்டன. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞன் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டதும் அங்கேதான். பதிவேடு இல்லாத கரை, வந்துபோனவர்களைப் பேயாட்டத்தில் பதிந்து வைத்திருக்கிறது.

2004 டிசம்பர் 26இல் இந்தக் கரைக்கும் சுனாமி வந்தது. போர்நிறுத்தக் காலத்தில் பனிச்சங்கேணிப் பாலத்துக்கு வடக்கே புலிகள், தெற்கே மாங்கேணியில் இராணுவம். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் கைக்குப் போனது. அதையொட்டிய மாதங்களின் இடப்பெயர்வை அரைப் பத்தியில் அடக்க எனக்கு மனம் வரவில்லை, தனியாக எழுதுகிறேன்.

வடக்கேயிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாய்ப் போகிறவர்கள் வெருகல் தாண்டி, வாகரை கடந்து, இந்தப் பாலத்தின் மேல்தான் நடக்கிறார்கள். வேடர் மகள் வள்ளியை மணந்தவனைக் கும்பிடப் போகும் வழியில், வேடர் குடிசைகள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

அடுத்த வாரம் வெருகல்.