தோப்புக்கு வரும் ஆறுமணிக்குருவி: வாழைச் சருகை எரிக்க வேண்டாம்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபர் மாதத்தில், தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் விடியற்காலையில் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். இரண்டே சுரத்தில் ஒரு தெளிவான விசில் கேட்டால், ஆறுமணிக்குருவி வந்துவிட்டது என்று பொருள். காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் கூப்பிடுவதால் இந்தப் பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பெயரில்தான் கள்ளன், காயையோ கனியையோ தொடாது.

பார்ப்பதற்கு மைனாவை விடச் சிறியது, வால் மிகக் குட்டை. முதுகு பச்சை, இறக்கையில் பளிச்சென்ற நீலம், கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, வாலடி சிவப்பு. வடக்கே இதற்கு நவ்ரங், அதாவது ஒன்பது நிறம் என்று பெயர். பிட்டா என்ற ஆங்கிலப் பெயர் தெலுங்கிலிருந்து போனது. அங்கே சின்னப் பறவைக்குப் பிட்ட என்பார்கள். 1766-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் இதைக் காக்கை இனத்தில் சேர்த்துவிட்டார் என்பது வேடிக்கை.

இது உள்ளூர்ப் பறவை அல்ல. இமயமலை அடிவாரம், மத்திய இந்தியக் காடுகளில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் குஞ்சு பொரிக்கும். காய்ந்த இலை, புல்லால் பந்து போலக் கூடு கட்டி, பக்கவாட்டில் வாசல் வைத்து, நான்கைந்து முட்டை இடும். மழை முடிந்ததும் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து, ஏப்ரல் வாக்கில் திரும்பிவிடும்.

இங்கே அதற்கு வேண்டியது நிழலும் சருகு மூடிய ஈர மண்ணும்தான். தரையில் தத்தித் தத்திப் போய், அலகால் இலைகளைப் புரட்டி, வண்டு, புழு, கரையான், மண்புழு ஆகியவற்றைப் பிடித்துத் தின்னும். தோப்பிலுள்ள பூச்சியையெல்லாம் இது ஒழித்துவிடும் என்று சொன்னால் அது மிகை. ஆனால் சருகை எரித்துத் தரையைச் சுத்தமாக வைத்திருக்கும் தோப்பில் இதற்கு இரை இருக்காது.

சருகை எரிப்பதில் உங்களுக்கும் லாபமில்லை. காய்ந்த வாழை இலையையும் வேலியோர மரச் சருகையும் வரிசைக்கு நடுவே மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், களை குறையும், மக்கி உரமாகும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஓரடி தள்ளிப் போடுங்கள். இலைப்புள்ளி நோய் தாக்கிய இலைகளை மட்டும் மூடாக்கில் சேர்க்காமல் தோப்பை விட்டு அப்புறப்படுத்துங்கள். எல்லா இடத்திலும் முடியாவிட்டால், வாய்க்கால் ஓரம், வேலி ஓரம் ஒரு பகுதியையாவது புதரோடு விட்டுவைக்கலாம்.

குருணை மருந்தில்தான் அதிகக் கவனம் தேவை. மண்மேல் சிதறிக் கிடக்கும் குருணையைத் தின்றோ, அது பட்ட மண்புழுவைத் தின்றோ பறவைகள் சாகும். பறவைச் சாவுகளால்தான் அமெரிக்காவில் கார்போபியூரான் குருணை 1990-களிலேயே படிப்படியாக நிறுத்தப்பட்டது. வைத்தே ஆக வேண்டுமென்றால் சிபாரிசு செய்த அளவில் வைத்து, உடனே மண்ணால் மூடுங்கள்.

வலசை வரும் நாட்களில் காற்றில் அலைக்கழிந்து களைத்த குருவி, வீட்டு முற்றத்திலோ மோட்டார் அறையிலோ வந்து விழுவதுண்டு. பூனை, நாய் அண்டாமல், காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வையுங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிச் செத்துவிடும். தெளிந்தவுடன், மாலை மங்கும் நேரத்தில், புதர் நிழலில் திறந்துவிட்டால் தானே போய்விடும். இறக்கை ஒடிந்திருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.